ஒரே பேட்டரி, இரண்டு வீடு: மின்தடைக்கு எந்த ஏற்பாடு பொருந்தும்?

எங்கள் வீட்டிலும் அக்கா வீட்டிலும் ஒரே வாரத்தில், ஒரே மாதிரியான இன்வெர்ட்டர் பேட்டரியை வாங்கி வைத்தோம். 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு), டியூபுலர் என்ற ஈய-அமில வகை. அக்கா வீட்டில் அது ஆறாவது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டிலோ இரண்டாம் வருடக் கடைசியிலேயே இரண்டு மின்விசிறியை அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. டிஸ்டில்டு வாட்டர் குறையாமல் பார்த்துக்கொண்டோம். டெர்மினலில் பூத்த பச்சையைச் சுத்தம் செய்து வாசலின் தடவினோம். லோடும் இரண்டு வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: அக்கா வீட்டில் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை கரண்ட் போகும். எங்களுக்கு ஒரு நாளைக்கே மூன்று நான்கு தடவை போகும்.

ஈய-அமில பேட்டரிக்கு வயிறு முழுதாக நிறைய வேண்டும். நிறைவதற்கோ நேரம் பிடிக்கும். காலியான 150 ஏ.எச். பேட்டரியை 15 ஆம்பியரில் சார்ஜ் செய்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். முதல் 80 சதவீதம் ஓரளவு வேகமாக ஏறிவிடும். கடைசி 20 சதவீதம்தான் சொட்டுச் சொட்டாக ஏறும். அது ஏறுவதற்குள் மறுபடி கரண்ட் போய்விட்டால், தகடுகளில் உண்டான ஈய சல்பேட் முழுவதும் கரையாமல் தங்கிவிடும். நாள்பட நாள்பட அது படிகமாக இறுகும். இறுகிய அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவு போனது போனதுதான், திரும்பி வராது. எங்கள் பேட்டரிக்கு நேர்ந்தது இதுவே. அக்காவின் பேட்டரி ஒவ்வொரு தடவையும் நிறைந்து, அடுத்த மின்தடை வரும்வரை நிறைந்தபடியே உட்கார்ந்திருந்தது. ஈய-அமில பேட்டரிக்கு அதைவிட சுகமான வாழ்க்கை கிடையாது.

அடுத்த பேட்டரி வாங்குவதற்கு முன்னால், ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, கரண்ட் போன நேரம், வந்த நேரம் இரண்டையும் இரண்டு மாதம் எழுதி வந்தோம். அந்தத் தாள்தான் எங்களுக்கு வழி காட்டியது. ஒரு தடவை போனால் எவ்வளவு நேரம் போகிறது என்பது வேறு, மாதத்தில் எத்தனை தடவை போகிறது என்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான சாமானை வாங்குகிறார்கள். எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து பேட்டரி போதுமா, இன்ஜின் (ஜெனரேட்டர்) வேண்டுமா என்பது முடிவாகும். எத்தனை தடவை என்பதைப் பொறுத்து எந்த வகைப் பேட்டரி என்பது முடிவாகும். அந்த நேரத்தில் வீட்டில் எதெல்லாம் ஓடியே ஆக வேண்டும் என்று யோசித்தால் அளவு தெரிந்துவிடும்.

வி.ஏ. வேறு, ஏ.எச். வேறு

இன்வெர்ட்டர் பெட்டியில் 900 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) என்று போட்டிருந்தால், ஒரே சமயத்தில் அதிகபட்சம் 700 வாட் சொச்சம் லோடு தாங்கும் என்று பொருள். எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. நேரம் முழுக்க முழுக்கப் பேட்டரியின் கையில் இருக்கிறது. "நேரம் போதவில்லை, பெரிய இன்வெர்ட்டர் மாற்றலாமா?" என்று கேட்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். பழைய பேட்டரியிலேயே பெரிய இன்வெர்ட்டரை மாட்டினால் நேரம் கூடாது. தைரியமாக இன்னும் இரண்டு சாமானைப் போடுவார்கள், இருக்கிற நேரமும் குறையும்.

கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்ப்போம். சாதாரண மின்விசிறி 75 வாட், இரண்டுக்கு 150. எல்.இ.டி. பல்பு 9 வாட், நான்குக்கு 36. ரூட்டர் 10. லேப்டாப் 60. மொத்தம் 256 வாட். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியை வோல்ட்டால் பெருக்கினால் 1800 வாட்-மணி. ஆனால் அது லேபிளில் இருக்கும் எண் மட்டுமே. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 900 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டருக்குள்ளேயே 15 சதவீதம்போல் வெப்பமாகப் போய்விடும். மிச்சம் 765. அதை 256-ஆல் வகுத்தால் மூன்று மணி நேரம்.

இப்போது அந்த இரண்டு மின்விசிறியை மட்டும் 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. என்ற சிக்கன விசிறியாக மாற்றுங்கள். லோடு 166 வாட்டாக இறங்கும். அதே பேட்டரி நாலரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். இன்னொரு பேட்டரி வாங்குவதைவிட இது எத்தனையோ மேல். விசிறி மாற்றிய லாபம் கரண்ட் இருக்கும் நேரத்திலும் கிடைக்கிறது, மின் கட்டணமும் குறைகிறது. எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுப்பதானாலும் நான் முதலில் சொல்வது லோடைக் குறையுங்கள் என்பதைத்தான்.

லேபிளில் உள்ள 150 ஏ.எச். பெரும்பாலும் 20 மணி நேரக் கணக்கில் எழுதப்பட்டது. அதாவது, 7.5 ஆம்பியர் வீதம் நிதானமாக எடுத்தால் கிடைக்கும் அளவு அது. வேகமாக உறிஞ்சினால் அவ்வளவு கிடைக்காது. இந்தக் குணத்தை 1897-லேயே பாய்க்கெர்ட் என்ற ஜெர்மானியர் சூத்திரமாக எழுதிவைத்துவிட்டார். நம் 256 வாட் லோடு, இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால், 12 வோல்ட்டில் ஏறக்குறைய 25 ஆம்பியர் இழுக்கும். ஆகவே பாதிக் கணக்கில் நிற்பதே பத்திரம்.

ஃப்ரிட்ஜை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம்வரை குளிர்ச்சியைக் காப்பாற்றும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் தாங்கும். இரண்டு மூன்று மணி நேர மின்தடைக்காக ஃப்ரிட்ஜை இன்வெர்ட்டரில் சேர்ப்பது வீண். போதாததற்கு, பழைய மாடல் கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் வழக்கமாக இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். ஓடும்போது 150 வாட் காட்டுகிற ஃப்ரிட்ஜ், கிளம்பும்போது சின்ன இன்வெர்ட்டரையே ஓவர்லோடில் நிறுத்திவிடும். தண்ணீர் மோட்டாரும் அப்படித்தான். கரண்ட் இருக்கும்போதே தொட்டியை நிரப்பிவைப்பதைவிட மலிவான ஏற்பாடு கிடையாது.

ஈயமா, லித்தியமா?

ஈய-அமில பேட்டரி 1859-ல் பிளான்ட்டே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது. இத்தனை காலம் நிலைத்து நிற்கிறது என்றால் காரணம் இருக்கிறது: விலை குறைவு, பழுது பார்க்க ஆள் கிடைப்பார்கள், பழசைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வரும் லித்தியம் பேட்டரிகளில் நல்லவை லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. 1990-களின் பிற்பாதியில் ஜான் குட்இனஃப் குழு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்த பொருள் அது. செல்போனில் உள்ள வகையைவிட இது பத்திரமானது. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் எளிதில் பிரிந்து நெருப்புக்குத் துணை போகாது. லித்தியம் என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வீட்டுக்குள் விட வேண்டும்.

100 ஏ.எச். லித்தியம் பேட்டரி 12.8 வோல்ட். லேபிள் கணக்கில் 1280 வாட்-மணி. இதில் 90 சதவீதத்தைத் தாராளமாக எடுக்கலாம். இன்வெர்ட்டர் இழப்பு போக ஏறக்குறைய 1000 நிற்கும். மேலே பார்த்த 150 ஏ.எச். ஈய-அமில பேட்டரி தந்தது 765. லேபிளில் சிறியது கையில் பெரியதாக இருக்கிறது. எடையோ பதினைந்து கிலோவுக்குள். டியூபுலர் பேட்டரியை அமிலத்தோடு தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

சார்ஜ் ஏறும் வேகத்தில்தான் இரண்டுக்கும் பெரிய இடைவெளி. பொருத்தமான சார்ஜர் இருந்தால் லித்தியம் இரண்டு மூன்று மணி நேரத்தில் நிறைந்துவிடும். நிறையாமல் பாதியில் நின்றாலும் அதற்குக் கேடில்லை. கரண்ட் வந்து மூன்று மணி நேரத்தில் மறுபடி போகும் வீட்டுக்கு இதற்குமேல் என்ன காரணம் வேண்டும்?

ஆனால் அக்கா வீட்டுக்கு நான் லித்தியம் சொல்ல மாட்டேன். மாதம் இரண்டு தடவை என்றால் வருடத்துக்கு 24 சுற்று (பேட்டரி ஒரு முறை இறங்கி மறுபடி நிறைவது ஒரு சுற்று). நல்ல லித்தியம் பேட்டரி 3000 சுற்றுக்குமேல் தாங்கும். அத்தனையையும் செலவழிக்க 125 வருடம் ஆகும். அதற்கு வெகுகாலம் முன்பே வயதாகித் தளர்ந்துவிடும். அதுவும் எந்நேரமும் நிறைந்த நிலையில், சூடான இடத்தில் உட்கார்ந்திருப்பது லித்தியத்துக்கு ஆகாது. அங்கே ஈய-அமிலம்தான் சரி. எங்கள் வீட்டில் தினமும் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று. வருடத்துக்கு 365. அந்தக் கணக்கில் லித்தியம் எட்டு வருடம் வரும்.

லித்தியத்துக்கு மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய இன்வெர்ட்டரிலேயே அப்படியே மாட்டிவிடாதீர்கள். ஈய-அமில பேட்டரிக்காகச் சில இன்வெர்ட்டர்கள் அவ்வப்போது 15 வோல்ட்டுக்குமேல் ஏற்றும். லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் சர்க்யூட் அதைப் பார்த்ததும் இணைப்பைத் துண்டித்துவிடும். இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கான செட்டிங் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். உறைபனி விழும் ஊராக இருந்தால், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யவே கூடாது. ஈய-அமிலத்துக்கு எதிரி வெயில். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் துறையில் புழங்கும் கணக்கு. மொட்டை மாடிப் படிக்கட்டு அறையில் பேட்டரியை வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அதற்காக அடைத்த அலமாரிக்குள் வைத்துவிடவும் கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறி போதும்.

இன்வெர்ட்டர் எந்த வகை என்பதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. வீட்டுக்கு வரும் மின்சாரம் போலவே சீரான அலையைத் தரும் சைன் வேவ் வாங்குங்கள். ஸ்கொயர் வேவில் மின்விசிறி முனகும், மோட்டார் சூடாகும்.

இன்ஜின் தேவைப்படும் வீடு

புயலில் கம்பம் சாய்ந்து மூன்று நாள் கரண்ட் இல்லை என்றால் பேட்டரி என்ன செய்யும்? முதல் இரவோடு முடிந்துவிடும். அங்கே ஜெனரேட்டருக்கு நிகர் வேறில்லை. எரிபொருள் ஊற்ற ஊற்ற ஓடும், மோட்டாரையும் ஏ.சி.யையும் இழுக்கும்.

ஆனால் சின்ன லோடுக்கு அது பெரும் விரயம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் (ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி) அளவுக்கு ஆற்றல் அடங்கியிருக்கிறது. வீட்டு ஜெனரேட்டர் அதிலிருந்து ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு யூனிட் மின்சாரம் தரும். இரண்டு விசிறியும் நான்கு பல்பும் மட்டும் போட்டு ஓட்டினால் அதுவும் தேறாது. லோடு குறைவு என்பதற்காக இன்ஜின் அதே விகிதத்தில் குறைத்துக் குடிக்காது. சாதாரண ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸ் கொடுக்க நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றியே ஆக வேண்டும். இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் லோடுக்குத் தக்கபடி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சத்தமும் குறைவு, மின்சாரமும் சுத்தம். வாங்குவதானால் அதைத்தான் வாங்க வேண்டும்.

ஜெனரேட்டர் வாங்கும் எல்லோரும் மனதில் பதிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், பிறகு தூக்கம். தூங்கியவர்கள் எழுவதில்லை. ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்று நினைப்பது உயிருக்கு உலை வைக்கும். கார் நிறுத்தும் இடத்தில், பால்கனியில், கதவு திறந்த அறையில் எங்கும் வைக்கக் கூடாது. கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில், புகைக்குழாய் வீட்டைப் பார்க்காமல் வைக்க வேண்டும். அப்படி இடமில்லாத வீட்டில் ஜெனரேட்டர் பேச்சே வேண்டாம்.

இன்னொன்று, இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் சுவர்ப் பிளக்கில் ஜெனரேட்டரைச் சொருகுவது. அப்படிச் செய்தால் மின்சாரம் வெளிக்கம்பிக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தலைகீழாக ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய தொழிலாளியின் கையில் அது பாயும். வெளி லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் ஜெனரேட்டரை இணைக்காதீர்கள்.

பெட்ரோல் சில மாதங்களில் கெட்டுப்போய் கார்புரேட்டரை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை கொஞ்ச நேரம் லோடோடு ஓட்டிவைக்க வேண்டும். இதைச் செய்ய மனமில்லாதவர் வீட்டில், அவசரத்துக்கு அது கிளம்பாது.

நீண்ட மின்தடை வரும் வீடுகளுக்கு நான் சொல்லும் யோசனை, பேட்டரியையும் சின்ன ஜெனரேட்டரையும் சேர்த்து வைத்துக்கொள்வது. காலையில் இரண்டு மூன்று மணி நேரம் ஜெனரேட்டரை நல்ல லோடில் ஓட்டி, தண்ணீர் ஏற்றி, ஃப்ரிட்ஜைக் குளிர வைத்து, பேட்டரியை நிரப்பிக்கொண்டு நிறுத்திவிடலாம். இரவெல்லாம் சத்தமில்லாமல் பேட்டரி பார்த்துக்கொள்ளும். இங்கும் லித்தியத்துக்கே அனுகூலம். அந்த மூன்று மணி நேரத்துக்குள் ஈய-அமில பேட்டரி அரைகுறையாகத்தான் நிறையும்.

சோலார் இருந்தால் கவலையில்லையா?

கூரையில் சோலார் இருக்கிறதே, கரண்ட் போனாலும் ஓடுமே என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். வெளி லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் சோலார், வெளியில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். அது பழுது இல்லை. சற்றுமுன் சொன்ன அதே தொழிலாளியைக் காப்பாற்றுவதற்காக வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. மின்தடையில் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். சோலார் போடப் போகிறவர்கள், பேட்டரி பிறகு வாங்கினாலும் பரவாயில்லை, இன்வெர்ட்டரை இப்போதே ஹைபிரிடாகப் போட்டுக்கொள்வது நல்லது.

400 வாட் பேனல் ஒன்று நல்ல வெயில் நாளில் ஒன்றரை யூனிட் தரலாம். நம் 256 வாட் லோடை 24 மணி நேரம் ஓட்ட ஆறு யூனிட் வேண்டும். ஆக நான்கு பேனல். ஆனால் நீண்ட மின்தடை பெரும்பாலும் புயல் மழையோடு வருகிறது, அன்றைக்கு வானமும் மூடியிருக்கும். வெயில் காலத்தில் நாள்தோறும் கரண்ட் போகும் ஊருக்கு சோலார் அருமை. புயலுக்காக மட்டும் சோலார் போடுவது நம்பிக் கெடுவது.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு

வயரிங்கில் கை வைக்க முடியாதவர்களுக்கு பவர் ஸ்டேஷன் என்ற பெட்டி பொருத்தமானது. பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் மூன்றும் ஒன்றாக, கையில் தூக்கிக்கொண்டு வீடு மாறலாம். ஆனால் உள்ளே ஒன்று பழுதானால் மூன்றும் முடங்கும். வாட்-மணி எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள், வாட் எண்ணைப் பெரிதாகப் போட்டு வாட்-மணியைச் சின்ன எழுத்தில் போடும் பெட்டிகள் உண்டு.

இணையம் மட்டும் அறுபடக் கூடாது என்றால், ரூட்டருக்கென்றே உள்ள 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். போதும். ரூட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டேஜோடு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவே. வெளியே மின்சாரம் தரும் வசதியுள்ள மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் வீட்டு வாசலில் ஏற்கெனவே 40, 50 யூனிட் பேட்டரியை நிறுத்தியிருக்கிறார்கள். ஃப்ரிட்ஜுக்கும் விசிறிக்கும் ஓர் எக்ஸ்டென்ஷன் வயர் போதும், நாள் கணக்கில் ஓடும்.

வீட்டில் நோயாளிக்காக ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன சிக்கனக் கணக்கு எதுவும் பொருந்தாது. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் கருவி 300 வாட்டுக்குமேல் இடைவிடாமல் இழுக்கும். எட்டு மணி நேர இரவுக்கு இரண்டரை யூனிட்டைத் தாண்டும். ஒற்றை பேட்டரி போதாது. பேட்டரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மின்சாரமே தேவைப்படாத சிலிண்டர் ஒன்று பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். இயந்திரத்தை மட்டும் நம்பி ஓர் உயிரை ஒப்படைக்க முடியாது.

எங்கள் தாளில் இரண்டு மாதத்தில் பதிவான மிக நீண்ட மின்தடை ஐந்து மணி நேரம். அது ஒரே ஒரு தடவை. மற்றதெல்லாம் ஒரு மணி, ஒன்றரை மணி. அதனால் ஜெனரேட்டர் வேண்டாம் என்று முடிவானது. விசிறிகளை மாற்றினோம், 100 ஏ.எச். லித்தியம் வைத்தோம், ஃப்ரிட்ஜை இன்வெர்ட்டர் லைனிலிருந்து கழற்றிவிட்டோம். மாதத்தின் முதல் ஞாயிறு மாலையில் மெயினை நாங்களே ஒரு மணி நேரம் அணைத்து வைக்கிறோம். பேட்டரி ஒயர் முனைகளைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறோம். 12 வோல்ட்டில் 250 வாட் என்றால் அந்த ஒயரில் 20 ஆம்பியருக்குமேல் ஓடுகிறது. நட்டு லேசாகத் தளர்ந்திருந்தால் அந்த இடம் மட்டும் சூடாக இருக்கும். போன மாதம் அப்படி ஒன்று சுட்டது. இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு, 10 நம்பர் ஸ்பேனரால் கால் சுற்று இறுக்கியதும் அடங்கிவிட்டது.